கும்பிடும் கயிறு: எலும்புக்கூடு இறாலைத் தேடிப் பார்ப்பது எப்படி

ஆகஸ்ட் கடைசி வரை பொறுத்திருங்கள். மே மாதத்திலும் எலும்புக்கூடு இறால் இருக்கும், ஆனால் ஒரு கயிற்றுக்கு நாலைந்துதான் அகப்படும். கோடை முடியும் சமயத்தில்தான் பல்கிப் பெருகி, படகுத்துறைக் கயிறு முழுக்க ரோமம் முளைத்தது போல நெருக்கியடித்து நிற்கும். நான் சொல்வது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஓபன் நகரத்துப் பக்கத்துக் கணக்கு. நாங்கள் இங்கே வந்து 11 வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். ஸ்லைடு தயாரிப்பதும் மாதிரி பாட்டில்களில் ஃபார்மலின் மாற்றுவதும் என் வேலை. அந்த அலமாரியில் இந்த உயிருக்கு ஒரு பாட்டில்கூட இல்லை. கேப்ரெல்லா என்ற அதன் அறிவியல் பெயரை மட்டும் பாடத்தில் கேட்டிருந்தேன். உயிரோடு பார்த்தது இங்கே வந்த பிறகுதான்.

அதுவும் முதலில் பார்த்தது என் மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. மிதக்கும் படகுத்துறையின் ஓரத்தில் குப்புறப் படுத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, இந்தக் கயிறு கும்பிடுதும்மா" என்றாள். எட்டிப் பார்த்தேன். கயிற்றில் வளர்ந்திருந்த பாசியின் நுனியிலெல்லாம் குச்சி குச்சியாக ஏதோ நின்று, முன்கைகளைச் சேர்த்து, குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கும்பிடுபூச்சியைத் தண்ணீருக்குள் போட்டது போல இருந்தது. அன்றிலிருந்து வருடம் தவறாமல் போகிறேன், பார்க்க விரும்புகிறவர்களைக் கூட்டிக்கொண்டும் போகிறேன். போகிறவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெயரில் இறால் இருந்தாலும் இது இறால் இல்லை. கடற்கரையில் ஒதுங்கிய அழுகல் பாசியைப் புரட்டினால் தெறித்துத் துள்ளுமே சின்னஞ்சிறு பூச்சிகள், அவை ஆம்பிபாட் என்ற கூட்டம். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். திமிங்கிலத்தின் தோலைப் பற்றிக்கொண்டு வாழும் திமிங்கிலப் பேன் இதற்கு இன்னும் நெருங்கிய உறவு. உடம்பு தீக்குச்சியை விட மெல்லியது. வயிற்றுப் பகுதி தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. எலும்புக்கூடு என்று பெயர் வந்தது இந்த மெலிவால்தான். ஓபன் துறையில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது கேப்ரெல்லா மூட்டிக்கா என்ற இனம். ஆண் 5 சென்டிமீட்டர் வரை வளரும் என்று பதிவுகள் உண்டு. நான் பார்த்த ஆண்கள் பெரும்பாலும் 3 சென்டிமீட்டருக்குள், பெண்கள் 2 சென்டிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம்.

இது இங்கே பிறந்த இனமும் இல்லை. ஜப்பான் கடலின் ரஷ்யப் பக்கத்தில், விளாதிவஸ்தோக் அருகேயுள்ள மகா பீட்டர் வளைகுடாவில் கிடைத்ததை வைத்து 1935இல் ஷூரின் என்பவர் இதற்குப் பெயர் வைத்தார். 1973இல் கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் விரிகுடாவில் தென்பட்டது. ஜப்பானிலிருந்து வளர்ப்புக்காகக் கொண்டுபோன ஆளிச் சிப்பிகளோடு வந்திருக்கும் என்பது கணிப்பு. 1990களின் நடுவில் நெதர்லாந்தில் அகப்பட்டபோது, இதைப் புது இனம் என்றே நினைத்து 'கேப்ரெல்லா மாச்சோ' என்று பெயரிட்டுவிட்டார்கள். மாச்சோ என்றால் ஆண்மை மிடுக்கு. ஆணின் மார்பில் இருக்கும் அடர்ந்த ரோமத்தைப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் தோன்றியது என்று புரியும். பிற்பாடுதான் அது பழைய மூட்டிக்காவே என்று தெளிவாயிற்று. ஓபன் பக்கத்து சால்மன் மீன் பண்ணை ஒன்றில் 2000இல் கண்டதுதான் பிரிட்டனின் முதல் பதிவு. இப்போது நியூசிலாந்து வரை போய்விட்டது.

நீந்தித் திரியும் இளம்பருவம் இதற்குக் கிடையாது. இறால் குஞ்சோ நண்டுக் குஞ்சோ போல மிதந்து வேறிடம் போகாது. தாயின் அடைகாக்கும் பையிலிருந்து வெளியே வரும்போதே சின்ன எலும்புக்கூடாகத்தான் வரும், வந்ததும் எதையாவது பற்றிக்கொள்ளும். அப்படியானால் உலகத்தைச் சுற்றியது எப்படி? பிய்ந்து மிதக்கும் பாசியோடு கொஞ்ச தூரம் போகும். மற்றதெல்லாம் படகின் அடிப்பாகம், கயிறு, கூண்டு, சிப்பிச் சரக்கு, அதாவது நம் கை. இந்த வழிகாட்டியில் 'எடுத்துப் போகாதீர்கள்' என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். சட்டமும் அதையே சொல்கிறது. ஒரு விலங்கை அதன் சொந்த எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடுவது ஸ்காட்லாந்தில் குற்றம்.

சரி, இடத்துக்கு வருவோம். பாறைக் கரையில் தேடிக் காலை உடைத்துக்கொள்ள வேண்டாம். வந்த ஊர்களில் இந்த இனம் மனிதர் கட்டியவற்றில்தான் அதிகம் குடியிருக்கிறது. மிதக்கும் படகுத்துறை, மிதவைக் கயிறு, மஸ்ஸல் சிப்பி வளர்க்கும் கயிறு, மீன் கூண்டு வலை என்று. அவற்றில் மிதக்கும் துறைதான் நமக்கு வசதி. ஓதம் ஏறினாலும் வற்றினாலும் துறையும் கூடவே ஏறி இறங்குவதால், கயிறு எப்போதும் ஒரே ஆழத்தில் தொங்கும். இறங்கிப் போகும் பாலம் மட்டும் ஓதம் வற்றிய நேரத்தில் செங்குத்தாகச் சாய்ந்திருக்கும். அதனால் நடுத்தர ஓத நேரமாகப் பார்த்துப் போங்கள். துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவது கட்டாயம். "கயிற்றில் இருக்கும் உயிர்களைப் பார்க்க வேண்டும், எதையும் எடுக்க மாட்டேன்" என்று சொன்னால் இதுவரை யாரும் எனக்கு மறுத்ததில்லை. மிதவை உடுப்பு போடாமல் ஓரத்துக்குப் போகாதீர்கள். குனிந்து படுத்துப் பார்க்கும் வேலை இது. கவனம் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும்போது தவறி விழுவது எளிது, இங்கே ஆகஸ்டிலும் கடல் 13, 14 டிகிரிதான்.

பெருமழை பெய்த மறுநாள் போக வேண்டாம். இந்தப் பக்கத்துக் கடல் நிலத்துக்குள் நீண்டு நுழைந்த லொக்குகளாக இருப்பதால், மழைக்குப் பிறகு நல்ல தண்ணீர் மேலே படலமாக மிதக்கும். உப்புக் குறைந்தால் இந்த உயிர் தாங்காது. மேல் ஒரு முழக் கயிற்றில் ஒன்றுமே இல்லாமல் வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு. இரண்டு மூன்று நாள் மழை விட்ட பிறகு போனால், அரை மீட்டர் ஆழத்திலேயே கிடைக்கும்.

சாமான் அதிகம் வேண்டாம். வெள்ளை நிறத்தில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சின்ன டார்ச், முழங்கையின் கீழே போட ஒரு பழைய தலையணை. ஒரு துண்டு கறுப்பு அட்டை இருந்தால் படம் எடுக்க உதவும். வலை வேண்டவே வேண்டாம். வலையில் சிக்கினால் அதன் காலும் உணர்கொம்பும் ஒடியும். நாம் பார்க்க வந்ததே அந்தக் காலையும் கொம்பையும்தான்.

கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீருக்குள்ளேயே பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்புகிறார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, கயிற்றில் பஞ்சு போலப் படர்ந்திருக்கும் ஹைட்ராய்டுகளைப் பாருங்கள். அவை செடி போலத் தெரிந்தாலும் விலங்குகள். கிளை கிளையாக, பழுப்பு நிறத்தில், அலைக்கு ஒன்றாகச் சாயும். எலும்புக்கூடு இறால் அந்த நிறத்தையே எடுத்துக்கொண்டிருக்கும். சிவந்த பாசியில் இருப்பது சிவப்பாகவும், வெளுத்த கயிற்றில் இருப்பது கண்ணாடி போலவும் தெரியும். நிறத்தை வைத்துப் பிடிக்க முடியாது. அசைவை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அலை ஒரு பக்கம் சாய்க்கும்போது, அலையோடு சேராமல் தன்பாட்டுக்கு வணங்கும் குச்சியைத் தேடுங்கள். முதல் ஒன்று தெரிய ஐந்து நிமிடம் ஆகலாம், பத்து நிமிடமும் ஆகலாம். அந்த ஒன்று தெரிந்துவிட்டால் அடுத்த நொடியே அதன் பக்கத்தில் நூறு தெரியும். நான் கூட்டிப்போன அத்தனை பேருக்கும் இப்படித்தான் ஆயிற்று. கத்தாமல் இருந்தவர் ஒருவரும் இல்லை.

இப்போது டப்பாவில் கடல்தண்ணீர் முக்கால் பங்கு அள்ளி, கயிற்றின் பக்கத்தில் பாதி முங்கும்படி பிடியுங்கள். கயிற்றின் ஒரு சாண் நீளத்தை மெதுவாகத் தூக்கி, அறுக்காமல், பிய்க்காமல், அந்த டப்பாவுக்குள் வளைத்து வையுங்கள். கயிறு துறையில் கட்டியபடியே இருக்கட்டும். தண்ணீரை விட்டு வெளியே இருக்கும் நேரம் இரண்டு மூன்று நொடிக்கு மேல் போகக் கூடாது. தண்ணீருக்கு வெளியே இந்த உடம்புக்குத் தன்னைத் தாங்கும் பலம் கிடையாது, ஈர நூல் போல ஒட்டிக்கொள்ளும். கொட்டலசு (பார்னக்கிள்) என்ற ஓட்டுப் பிராணியும் மஸ்ஸலும் கயிற்றில் கூர்கூராக ஒட்டியிருக்கும், கையுறை போட்டால் நல்லது. டப்பாவை உலுக்காதீர்கள். கலங்கிய சேறு அடங்கும் வரை, ஒரு தேநீர் குடிக்கும் நேரம், சும்மா இருங்கள்.

அடங்கிய பிறகு லென்ஸை எடுங்கள். கண்ணோடு லென்ஸை ஒட்டிவைத்து, தலையை டப்பாவை நோக்கி இறக்க வேண்டும். லென்ஸைத் தூரத்தில் நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். கடைசியில் மூன்று ஜோடிக் கால்கள் கொக்கி போல வளைந்து பாசியைக் கவ்வியிருக்கும். இந்தக் கவ்வலில்தான் அதன் வாழ்க்கையே நிற்கிறது. அதிலிருந்து மேலே வந்தால் உடம்பின் நடுவில் இரண்டு கணுக்களில் காலே இருக்காது. காலுக்குப் பதிலாகக் கணுவுக்கு ஒரு ஜோடி குட்டி உலக்கை போலத் தொங்குவது செவுள். டார்ச் வெளிச்சத்தில் அதற்குள் ரத்த அணுக்கள் ஓடுவதை நல்ல கண் இருப்பவர் பார்க்கலாம். நான் முதன்முதலில் பார்த்த அன்று, ஆய்வகத்தில் ஆறு வருடம் செத்த மாதிரிகளையே துடைத்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

செவுளுக்கு மேலே முன்கைகள். வாய்க்கு அருகே சின்னதாக ஒரு ஜோடி, அதற்குப் பின்னால் பெரிதாக ஒரு ஜோடி. பெரிய ஜோடியின் நுனி மடிந்து கத்தி போலப் பூட்டிக்கொள்ளும். நாம் கும்பிடுவதாக நினைப்பது இந்தக் கைகளைத்தான். உண்மையில் அது சாப்பாட்டு வேலை. உணர்கொம்பிலுள்ள மயிர்களால் தண்ணீரில் வரும் துகள்களை அரித்துப் பிடித்து, கொம்பை வளைத்து வாயருகே கொண்டுவந்து வழித்துச் சாப்பிடும். கயிற்றில் படிந்த நுண்பாசியைச் சுரண்டும். சின்ன உயிர் பக்கத்தில் வந்தால் எட்டிப் பிடிக்கும். மீன் பண்ணையில் சிந்தும் தீவனத்தையும் விடாது. எது வந்தாலும் சாப்பிடும் குணம்தான் போன இடமெல்லாம் அதைப் பிழைக்க வைக்கிறது.

நடப்பதையும் பார்த்துவிடுங்கள். முன்கையால் எட்டிப் பற்றி, பின்காலை இழுத்து முன்னே வைத்து, உடம்பை வில்லாக வளைத்து நீட்டிச் சாண் அளப்பது போலப் போகும். நீந்தத் தெரியாது என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. பிடி விட்டுப்போனால் உடம்பை மடக்கி மடக்கி உதறிக் கொஞ்ச தூரம் நீந்தி, அடுத்த பிடியைத் தேடிக்கொள்ளும்.

ஆணா பெண்ணா என்பது எளிது. தலைக்குப் பின்னால் நீளமான கழுத்து போல இரண்டு கணு நீண்டு, அதில் ரோமம் அடர்ந்திருந்தால் ஆண் மூட்டிக்கா. பெரிய கையிலும் ரோமம் இருக்கும். பெண் குட்டையாக, உடம்பின் நடுவில் ஒரு பையோடு இருக்கும். பையில் சிவந்த புள்ளிகள் தெளித்திருக்கும். முட்டை இருந்தால் பை உருண்டு திரண்டு, உள்ளே மணி மணியாகத் தெரியும். குஞ்சு பொரிந்த பையானால் அது உள்ளே நெளிவதே தெரியும். அந்தப் பெண்ணைத் தொடவே வேண்டாம், அசையாமல் பாருங்கள். ஆண் பெண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், பெண் சட்டை உரிக்கும் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். உரித்த புதிதில்தான் இணைசேர முடியும். அதற்காகத்தான் காவல்.

ரோமமே இல்லாமல், வழவழவென்று, இன்னும் சிறியதாக ஒன்று தெரிந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது கேப்ரெல்லா லீனியாரிஸாக இருக்கலாம். உயிர்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1767இல் பெயர் வைத்த, இந்தக் கடலுக்கே சொந்தமான இனம். மூட்டிக்காவின் பெண்ணுக்கும் இளசுக்கும் ரோமம் இருக்காது என்பதால், ரோமம் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. முதுகின் பின்பாதியைப் பாருங்கள். மூட்டிக்காவுக்கு அங்கே முட்கள் நிறைய இருக்கும், லீனியாரிஸுக்கு அவ்வளவு இருக்காது. இரண்டையும் ஒன்றாக வைத்து ஆய்வகத் தொட்டிகளில் பார்த்தபோது, வந்தேறி இனம் உள்ளூர் இனத்தை இடத்தை விட்டு விரட்டியது. எனக்கு மூட்டிக்காவின் மேல் அத்தனை பிரியம் உண்டு. ஆனாலும் லீனியாரிஸ் ஒன்று கண்ணில் படும் நாளில்தான் வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

படம் எடுக்க வேண்டுமானால் கறுப்பு அட்டையை டப்பாவின் ஒரு பக்கத்தில் உள்ளே நிறுத்தி, டார்ச்சைப் பக்கத்திலிருந்து காட்டுங்கள். மேலிருந்து அடித்தால் தண்ணீரின் மினுமினுப்புதான் விழும். போன் கேமராவின் முன்னால் கைலென்ஸைச் சேர்த்துப் பிடித்தாலே போதும். கண் தெளிவாக விழுந்தால் மற்றது கலங்கினாலும் பரவாயில்லை. அதன் கண் சின்னச் சிவப்புப் பொட்டு போல இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கலாமா என்று கேட்காதவர் இல்லை. நான் ஒரு தடவை செய்தேன். முதல் வருடம், ஊறுகாய் ஜாடியில் ஒரு பிடி ஹைட்ராய்டோடு பத்துப் பதினைந்து உயிரைச் சமையலறை மேடையில் வைத்தேன். ராத்திரி மகளும் நானும் பத்து மணி வரை பார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் எல்லாம் வெளுத்து அடியில் கிடந்தன. சூடு மட்டும் காரணம் இல்லை, இந்த இனம் 25 டிகிரியையும் தாங்கும். ஒரு ஜாடித் தண்ணீரில் அவ்வளவு உயிரும் சேறும் சேர்ந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது. மகள் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கூட ஊற்றவில்லை. ஏதாவது உயிர் மிச்சம் இருந்து எங்கேயாவது போய்ச் சேரக் கூடாது என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிய பிறகுதான் கொட்டினேன். அன்றைக்குப் பிறகு என் டப்பா துறையைத் தாண்டியதில்லை.

ஊரில் இருப்பவர்கள், மன்னார் வளைகுடாப் பக்கம் இது கிடைக்காதா என்று கேட்கிறார்கள். மூட்டிக்கா குளிர்க்கடல் பிராணி, அங்கே தேட வேண்டாம். ஆனால் அதன் உறவுக்காரர்கள் உண்டு. முத்துக்குளிப்பைப் பற்றி ஆராய ஹெர்ட்மன் என்ற பேராசிரியர் 1902இல் இலங்கைக்குப் போனபோது சேகரித்த எலும்புக்கூடு இறால்களைப் பால் மேயர் என்பவர் ஆராய்ந்து 1904இல் அறிக்கை எழுதினார். இந்த மேயர் யார் தெரியுமா? இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வு நிலையத்தில் இருந்து, இந்தக் குடும்பத்துக்கென்றே 1882இல் பெரிய நூல் எழுதியவர். முட்டை வெள்ளையும் கிளிசரினும் கலந்து, திசுச் சீவலை ஸ்லைடில் ஒட்ட நாங்கள் ஆய்வகத்தில் தினமும் தொட்ட 'மேயர் ஆல்புமின்' அவர் பெயரில் உள்ளதுதான். ஆறு வருடம் அந்தப் பாட்டிலைத் திறந்து மூடியிருக்கிறேன். அதற்குப் பின்னால் இப்படி ஒரு மனிதரும், அவருக்குப் பிரியமான இந்த உயிரும் இருந்தது தெரியாமலே போயிற்று. தேடுவதானால் மீன்பிடித் துறைமுகத்தில், அனுமதி கேட்டு, பாசி பிடித்த மிதவைக் கயிற்றில் இதே முறையில் பாருங்கள். வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே கை வைக்கக் கூடாது. அங்குள்ளவை இன்னும் சிறியவை, லென்ஸ் இல்லாமல் வேலை நடக்காது.

பார்த்து முடித்ததும் டப்பாவைக் கயிற்றோடு தண்ணீருக்குள் இறக்கி, கயிறு தானாக நழுவிப் பழைய இடத்துக்குப் போகும்படி விடுங்கள். டப்பாவில் ஒட்டியிருப்பதை அதே இடத்தில், அதே தண்ணீரில் அலசுங்கள். தேதி, இடம், ஆழம், எத்தனை இருந்தது என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் படத்தோடு ஐ-ரெக்கார்ட் என்ற இணையதளத்தில் பதிந்தால், தெரிந்தவர்கள் சரிபார்ப்பார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்ததும் டப்பா, கையுறை, செருப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவிக் காயப் போடுங்கள். கையுறையின் விரல் நுனியை உள்வெளியாகத் திருப்பிப் போட வேண்டும், ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஓபனில் வெயிலை நம்ப முடியாது. நான் ஹீட்டர் பக்கத்தில் இரண்டு நாள் வைத்து, தொட்டால் காகிதம் போல உலர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த துறைக்குக் கிளம்புவேன்.